கிளட்ச் கடிக்கும் இடம்

1

ஊருக்குப் போய்த் திரும்பி வாரக்கணக்காகிவிட்டது. இடது காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இன்னும் அரிக்கிறது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. காரில் ஏறி, கிளட்ச்சை மிதித்து, மெல்ல மெல்ல விடுகிறேன் பாருங்கள், அப்போதுதான் தொடங்கும்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ஊரில் மழை என்று செய்தி வந்தால் மண் சரியுமோ என்று பயம். செய்தியே வராவிட்டால், செய்தி சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ நடந்துவிட்டதோ என்று பயம். ஆகவே இந்த அரிப்புக்கும் டொக்டரைத் தேடினேன். இங்கிலாந்தில் டொக்டரை நேரே போய்ப் பார்த்துவிட முடியாது. முதலில் இணையத்தில் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுத வேண்டும். "உங்களைக் கடித்தது எது?" என்று ஒரு கேள்வி. கீழே தெரிவுகள்: நாய், பூனை, பூச்சி, மனிதர். மனிதர்கூட இருக்கிறார்! என்னைக் கடித்தது மட்டும் அதில் இல்லை. 'வேறு' என்பதைத் தொட்டுவிட்டு, ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி மகள் அனுவைக் கூப்பிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை. எழுதி முடித்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் ஒரு நர்ஸ் ஃபோன் எடுத்தார்.

"கடித்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன்."

"காலில் சப்பாத்து இருந்ததா?"

"முதலில் இல்லை. பிறகு போட்டேன். அதுவும் உள்ளேயே இருந்திருக்கிறது."

முழுக்கதையையும் அவருக்குச் சொல்ல என்னுடைய இங்கிலீஷ் போதாது. உங்களுக்குச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கமும் வராது.

2

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்தில் பிழை கண்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். படிப்பு நின்றதும் ஹட்டன் பஜாரில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்கு நின்றேன். கடைக்கு வருகிறவர்கள் விலையைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி இதுதான்:

"தங்கச்சி, இது கடிக்குமா?"

"கடிக்காதுங்க. போடப் போடப் பழகிரும்."

கடிக்கும் என்று தெரிந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் எது கடிக்கும், எது கடிக்காது என்று குதிகால் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே எனக்குச் சொல்லத் தெரியும். வேறு எந்தப் படிப்பும் இல்லை, இந்த ஒன்றில் மட்டும் கெட்டிக்காரி.

பிறகு கல்யாணம், பிறகு இந்த நாடு. என் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய களஞ்சியத்தில் இரவு வேலை. எனக்கு வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, சாப்பாடு சூடாக்குவது. முன்பு பஸ்ஸிலும் நடந்தும் போய்க்கொண்டிருந்தேன். பிறகு கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், கார் ஓட்டத் தெரிந்தால்தான் தொடர்ந்து வேலை என்று. அவர்களிடம் இருந்ததெல்லாம் கியர் மாற்றி ஓட்டுகிற கார்கள். என் வீட்டுக்காரரிடம் இருப்பது ஓட்டோமெட்டிக் லைசன்ஸ். இரண்டு மிதி, இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும். "இடது காலுக்கு வேலை வைக்காத வண்டிதான் நல்ல வண்டி" என்பது அவருடைய கொள்கை. எனக்கு அந்த வழி இல்லை.

இப்போது என்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வீட்டிலிருந்து கார் வரைக்கும் தடித்த பனிச் சப்பாத்து. காருக்குள் ஏறியதும் அதைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டின் கீழே வைத்துவிட்டு மெல்லிய கேன்வாஸ் சப்பாத்து. நோயாளி வீட்டு வாசலில் அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. திரும்பக் காரில் உறையைக் கழற்றி... செருப்புக் கடையில் நின்ற காலத்தில்கூட இத்தனை தடவை சப்பாத்து மாற்றியதில்லை.

3

எனக்கு ஓட்டப் பழக்கியவர் கரோல். என் வயதுதான் இருக்கும். அவருடைய காரைக் கண்டதும் எனக்குக் கால் கூசிவிட்டது. அவ்வளவு சுத்தம். கதவைத் திறந்து, சப்பாத்து இரண்டையும் கழற்றி, வீதியோரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கரோல் என் காலைப் பார்த்தார். "சப்பாத்து எங்கே?"

"வெளியே வைத்துவிட்டேன்."

"நாம் இதே இடத்துக்குத் திரும்பி வருவோமா என்று எனக்கே தெரியாதே!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அது என் குற்றமில்லை. எங்கள் அண்ணன் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஸ்டியரிங்குக்கு முன்னால் முருகன் படம், படத்துக்குப் பூ, பக்கத்தில் விபூதி. சாமி இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு உட்காரக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஏறும்போதே சிலிப்பரை உதறிவிட்டு, பெருவிரலால் கிளட்ச்சைத் தேடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கார் என்றால் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற இடம்தானே.

இன்னொரு கூத்து. எனக்குக் கொடுத்த பழகுநர் லைசன்ஸில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் கடைசிப் பெயர்தான் குடும்பப் பெயர். கரோல் என்ன நினைத்தாரோ, அதையே கூப்பிடுகிற பெயராக்கிவிட்டார். "கமோன் பெருமாள்! கிளட்ச் டவுன், பெருமாள்!" அப்பாவை உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரும் இப்படி அதட்டியதில்லை. போதாததற்குச் சாமி பெயர் வேறு. திருத்துவதற்கும் பயம். விஜி என்று கூப்பிடச் சொன்னால், லைசன்ஸில் இருப்பவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு என்று வந்துவிடுமோ?

ஒரு நாள் ஒரு சிறிய மேட்டில் காரை நிறுத்தச் சொன்னார். மெதுவாகக் கிளட்ச்சை விடச் சொன்னார்.

"பைட் தெரிகிறதா, பெருமாள்?"

பைட் என்றால் கடி. எனக்குத் தெரியாதா?

"இல்லை. பழைய சப்பாத்து. கடிக்காது."

"என்ன?"

"நோ பைட். வெரி கம்ஃபர்ட்டபிள்."

கரோல் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒரு கை எஞ்சின், ஒரு கை காரை உருட்டுகிற சில்லு. கிளட்ச்சை மிதித்தால் இரண்டும் பிரிந்துவிடும். விட விட நெருங்கி வரும். ஓரிடத்தில் ஒன்றையொன்று கவ்வும். அப்போது கார் லேசாக நடுங்கும், முன்பக்கம் மெல்ல எழும்பும். அதுதான் பைட். மேட்டில் அந்த இடத்தைக் கால் கண்டுபிடித்துவிட்டால் பிரேக்கை விடலாம், கார் பின்னால் போகாது.

அட, இதைத்தானே அண்ணன் 'புடிக்கிறது' என்பார்! "நம்ம வண்டிக்கு கிளட்ச்சு மேலதான் புடிக்கும்" என்று கராஜ்காரரிடம் அவர் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கரோலிடம் சொன்னேன், எங்கள் ஊரில் கிளட்ச் கடிக்காது, பிடிக்கும் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கவ்விக்கொள்வது என்றும் அர்த்தம், விருப்பம் என்றும் அர்த்தம் என்றேன்.

"அப்படியானால் உங்கள் ஊர் கிளட்ச்சுக்கு உங்களைப் பிடிக்கும். எங்களுடையது கடிக்கும்."

வீட்டில் இதைச் சொன்னது நான் செய்த தவறு. அன்றிலிருந்து அனு எந்தச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தாலும், "நோ பைட், அம்மா. வெரி கம்ஃபர்ட்டபிள்" என்று என் குரலிலேயே சொல்கிறாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான். நான் பேசினால் பாதி விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும். தமிழில் தடுக்காமல் சொல்வது இரண்டு சொல்: பிடிக்கும், பிடிக்காது. ரொட்டி பிடிக்கும், கீரை பிடிக்காது. அது ஒரு பிடிமானமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

முதல் பரீட்சையில் தோற்றேன். காரணம் சப்பாத்து. பனி கொட்டிய நாள். வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில், இருப்பதிலேயே தடித்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். அடிப்பாகம் பலகை மாதிரி. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் பரீட்சகர். கிளட்ச்சை விடுகிறேன், விடுகிறேன், காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தலையணைக்கு மேல் நின்றுகொண்டு தரையைத் தேடுவது போல இருந்தது. போதாததற்கு அதன் அகலம், பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்து மிதியின் ஓரத்தையும் சேர்த்து உரசியது. கார் பின்னால் உருண்டது. அவ்வளவுதான்.

அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவும் பக்கத்து நகரத்தில்தான் கிடைத்தது. தோற்றதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. எத்தனை பேருக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டவள் நான்! என் காலுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லையே! கடைக்குப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்து, இந்தத் தடவை குதிகால் விளிம்பை விட்டுவிட்டு, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்துகிறது மறுபக்கத்து விரலுக்குத் தெரிய வேண்டும். அகலம் கூடாது. குதிகால் தரையில் ஊன்றியபடி பாதம் ஆட வேண்டும். அடியில் வரி வரியாக ரப்பர் இருக்க வேண்டும், ஈரத்தில் வழுக்கக்கூடாது. கடைசியில் பிள்ளைகள் பகுதியில் கிடைத்தது ஒரு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. இருந்ததிலேயே மலிவு.

அதைப் போட்டுக்கொண்டு போய்ப் பாஸ் பண்ணினேன்! மேட்டில் கார் நடுங்கியது உள்ளங்காலில் அப்படியே தெரிந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. பரீட்சகர் பயந்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்கு வீடியோவில் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"நீயா? எறும்பு குறுக்க போனாலே நின்னு வழிவிடுறவ நீ. மச்சானுக்குந்தான் லைசன்ஸு இருக்கே?"

"அவருக்கு ஓட்டோ லைசன்ஸுதாண்ணே. எனக்குத்தான் மேனுவல்."

அண்ணன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "பாவம், இங்கிலாந்து வரைக்கும் போயி மச்சான் ஓட்டோவா ஓட்டுறாரு?"

5

அண்ணன் மகள் கௌரிக்குக் கல்யாணம் என்று இந்த வருடம் ஊருக்குப் போனோம். நானும் அனுவும்தான். போவதற்கு முன்பே இலங்கையில் ஓட்டுவதற்கு வேண்டிய தற்காலிக அனுமதிக்கு விசாரித்து, இறங்கியதும் முதல் வேலையாக அதை எடுத்தேன். வரிசையில் நின்றபோது அனு கேட்டாள், யாருடைய காரை ஓட்டப் போகிறீர்கள் என்று. எனக்கும் தெரியாது. இல்லாமல் போய் வேண்டிவந்துவிட்டால்? அதே பயத்தில் கேன்வாஸ் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணத்தன்று காலையில் கைப்பையில் அதைத் திணிப்பதை அண்ணி பார்த்துவிட்டார்.

"ஏன் விஜி, பட்டுச் சேலைக்கு கேன்வாஸ் சப்பாத்தா? மாப்ள வீட்டு ஆளுங்க பாத்தா, லண்டன்ல ரொம்பக் கஷ்டம் போலன்னு நெனைப்பாங்க."

"போடப் போறதில்ல அண்ணி. சும்மா இருக்கட்டும்."

காலில் போட்டிருந்தது சேலைக்குப் பொருத்தமாக வாங்கிய குதி உயர்ந்த செருப்பு. லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே இறங்கிய உடனேயே குதி சேற்றில் போய்விட்டது. முந்தின நாளெல்லாம் நல்ல மழை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு வேனுக்கு நடந்தேன்.

கோயில் ஹட்டனில். சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். தோட்டத்தில் இருந்த ஓட்டோக்களும் அவர்களோடு போய்விட்டன. அலங்காரம் முடிந்து கடைசியாகப் போக வேண்டியது பெண்ணும் நாங்களும்தான். அண்ணன் அன்றைக்கு வேட்டி, வெள்ளைச் சட்டை, அதோடு வாழ்க்கையில் முதல் தடவையாகப் புதுத் தோல் சப்பாத்து. பெண்ணின் தகப்பன் சிலிப்பரோடு நிற்கக்கூடாது என்று அண்ணி வாங்கிக் கொடுத்தது. நான் அதன் அடிப்பாகத்தைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், நல்ல நாளில் ஏன் என்று விட்டுவிட்டேன்.

வேனை எடுக்க லயத்துப் படியில் இறங்கினவர், பாசி பிடித்த கல்லில் சர்ரென்று போய் உட்கார்ந்தார்.

"ஐயோ!" என்று அண்ணி ஓடினார். அண்ணன் எழுந்து நின்றார், இடது காலை ஊன்றினார், மறுபடி உட்கார்ந்தார். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

"ஒண்ணுமில்ல, நான் ஓட்டுறேன்" என்று நொண்டிப் போய் வேனில் ஏறி, கிளட்ச்சை மிதித்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்து நாய் எழுந்து ஓடியது. வலது கால் என்றால்கூட எப்படியாவது சமாளித்திருப்பார். கிளட்ச் காலல்லவா!

கௌரி பட்டுச் சேலையும் மாலையுமாக வாசலில் நின்றாள். "அப்பா, நல்ல நேரம் போயிருமே..." என்றவளின் கண்மை கரையத் தொடங்கிவிட்டது. அண்ணி ஃபோனில் ஓட்டோக்காரரைப் பிடித்தார். ஹட்டனிலிருந்து திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அப்போது அனுதான் இங்கிலீஷில் சொன்னாள், அம்மா ஓட்டலாமே, அம்மாவிடம் மேனுவல் லைசன்ஸ் இருக்கிறதே என்று.

இங்கிலாந்தில் நான் ஓட்டுவது கையடக்கக் கார். அது பழைய டீசல் வேன், தோட்டத்துப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். ஏறினால் என்னவாகுமோ! ஏறாவிட்டால் என்னவாகும் என்பது கௌரியின் முகத்தில் இருந்தது.

"ஏறுங்க எல்லாரும்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

6

அனு எனக்குப் பக்கத்தில். அண்ணன் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் அண்ணியும் கௌரியும். நான் பைக்குள் கையை விட்டுச் சப்பாத்தைத் தேடினேன்.

"அதெல்லாம் வேணாம் தங்கச்சி. சாமி இருக்குல்ல. வெறுங்கால்ல ஓட்டு. வண்டி பேசுறது வெறுங்காலுக்குத்தான் கேக்கும்."

சரி என்று வெறுங்காலால் கிளட்ச்சை மிதித்தேன். மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சில்லென்று இருந்தது. ஆனால் அண்ணன் சொன்னது உண்மைதான், எஞ்சினின் துடிப்பெல்லாம் உள்ளங்காலில் ஏறியது. இறக்கத்தில் மெதுவாகப் போனோம். ஓடைப் பாலத்தைத் தாண்டினோம். அதற்கு அப்புறம் செங்குத்தான ஏற்றம். உச்சியில் பெரிய வீதி.

பாதி ஏற்றத்தில் எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். லொறிக்காரர் கண்ணாடியை மடக்கிக்கொண்டு உரசாமல் போகும்போது எட்டிப் பார்த்தார்.

"அட, லேடி டிரைவர்! மெதுவா போங்கக்கா, பொண்ணு பத்திரம்!"

லொறி இறங்கிப் போய்விட்டது. நான் கிளட்ச்சை விட்டேன். ஈரமும் சேறுமாக இருந்த கால் தேய்ந்த இரும்பில் வழுக்கியது. கிளட்ச் டப்பென்று மேலே வந்தது. வேன் ஒரு குதி குதித்து நின்றது. அடுத்த நொடி பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் ஓடை! இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"அது பேருக்குத்தான் இருக்கு, நம்பாத!" என்று கத்தினார் அண்ணன். "ஏய், எறங்கிக் கல்லு வையி!"

அண்ணி கதவைத் திறந்து குதித்தார். பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதையோரத்துக் கல் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து பின் சில்லுக்குக் கீழே வைத்தார். பெண்ணைப் பெற்றவள், கழுத்து நிறைய நகையோடு!

எனக்கு அப்போது கோபம் வந்தது. பயத்தைத் தாண்டி வருகிற கோபம். "அண்ணே, சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, உள்ளங்காலையும் மிதிகளையும் அவசரமாகத் துடைத்தேன். கேன்வாஸ் சப்பாத்தை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினேன். காலை ஊன்றினேன். வழுக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டது.

வேனை ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை விட ஆரம்பித்தேன். கரோலின் கார் கடிக்கிற இடம் வந்தது, இது கடிக்கவில்லை. இன்னும் விட்டேன். இல்லை.

"மேல வா, மேல வா. அது மேலதான். புடிக்குதா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே."

"இன்னும் கொஞ்சம். புடிக்குதா? புடிக்குதா?"

பக்கத்திலிருந்து அனு, சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, தமிழில் கத்தினாள்: "ரொம்பப் பிடிக்குது மாமா!"

முதலில் கௌரி சிரித்தாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை, மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்குத் தோள் இளகியது, முழங்கால் இளகியது, கால் தானாக இன்னும் ஒரு மயிரிழை மேலே வந்தது. வேன் நடுங்கியது. முன்பக்கம் எழும்பியது.

"புடிச்சிருச்சு!" என்று நானும் அண்ணனும் ஒன்றாகக் கத்தினோம்.

பிரேக்கை விட்டேன். வேன் ஏறியது. அப்படி ஒரு ஏற்றம் ஏறியது பாருங்கள்! நடுவில் நிறுத்த எனக்குத் தைரியமில்லை. உச்சிக்குப் போய்த்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அண்ணி நினைவு வந்தது. கண்ணாடியில் பார்த்தால், செருகிய சேலையோடு, மூச்சு வாங்க மேலே ஓடி வந்துகொண்டிருந்தார்.

"கல்லையும் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் அண்ணன். அண்ணி ஏறி, அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

நோர்வூட் பஜாரில், மழை பெய்தால் தோட்டத்துப் பாதைக்கு வர மறுக்கிற ஓட்டோக்கள் நின்றன. மாறிக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்பதற்குள் கௌரி சொன்னாள், "வேணாப்பா. அத்தையே ஓட்டட்டும்." அதற்குப் பிறகு பள்ளம் தெரியவில்லை, வளைவு தெரியவில்லை. நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி கிடந்தது. டிக்கோயா தாண்டினோம். ஹட்டன் கோயில் வாசலில் நான் வேனை நிறுத்தியபோது நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து பார்த்து, வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். நல்ல நேரம் இன்னும் இருந்தது! கௌரி இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மற்றவர்கள் உள்ளே போன பிறகு, அனுவோடு வாசலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். வலது கால் வெள்ளையாக வந்தது. இடது சப்பாத்தின் உள்ளே இரத்தம். நாடா வரைக்கும் ஊறியிருந்தது. விரலிடுக்கில், குண்டு நாவற்பழம் மாதிரி, ஓர் அட்டை. லயத்துப் புல்லில் ஏறியதைத்தான் நான் சப்பாத்துக்குள் பூட்டி, ஹட்டன் வரைக்கும் விருந்து வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன்.

அனு கிறீச்சிட்டாள். நொண்டிக்கொண்டு பின்தங்கி வந்த அண்ணன், வேனில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த தேசிக்காயைப் பிய்த்து, கடித்துப் பிளந்து என் காலில் பிழிந்தார். அட்டை சுருண்டு விழுந்தது.

"கிளட்ச்சு எங்க புடிக்குதுன்னு இவ தேடிக்கிட்டு இருந்தா. இது எடம் பாத்துப் புடிச்சிருக்கு பாரு" என்றார்.

அனு குனிந்து அதைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தமிழில் சொன்னாள்:

"அட்டைக்கு... அம்மாவைப் பிடிச்சிருக்கு."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு இரண்டு அர்த்தம் என்று தெரிந்தேதான் சொல்கிறாள் என்பது அவள் கண்ணில் இருந்தது.

7

நர்ஸ் சொன்னது: சொறியாமல் இருந்தால் தானாக ஆறிவிடும், சில வாரம் அரிக்கும். சில வாரம் என்றால் எத்தனை என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியாதாம். அது இப்போது என்னுடைய புதுக் கவலை.

கேன்வாஸ் சப்பாத்தைத் துவைக்க எடுத்தபோது அனு பிடுங்கிக்கொண்டாள். தோட்டத்துச் செம்மண்ணும் உள்ளே கறுத்துப்போன கறையுமாக அப்படியே இருக்கட்டுமாம். அவள் காலுக்கும் அது சரியாக இருக்கிறது. அடுத்த வருடம் அவளும் கார் ஓட்டப் பழகலாம். "ஓட்டோமெட்டிக் எடு, சுகம்" என்றார் அவள் அப்பா. "பிடிக்காது" என்றாள். எனக்கு உடனே அவள் எந்த மேட்டில் பின்னால் உருளுவாளோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் எனக்கு வேறு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். பழையதை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நான் முதலில் போகிற வீடு ஒரு மேட்டின் மேலே இருக்கிறது. இன்று காலையும் பாதி வழியில், எதிரே வந்த குப்பை வண்டிக்காக நிறுத்த வேண்டியிருந்தது. வண்டி போனதும் கிளட்ச்சை மெல்ல விட்டேன். கால் அரித்தது. பிரேக்கை விட்டேன். கார் ஏறியது.